‘இடிச்சது நீங்கதானே?’ - பக்கவாட்டில் கார் மோதினால் தவறு யாருடையது?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு சித்தப்பாவிடமிருந்து போன். “கண்ணு, கார் இடிச்சிருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் வர்றியா?” குரல் நடுங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஜங்ஷனில் முப்பது பேராவது நின்றிருந்தார்கள். சென்னைப் புறநகரில் சிக்னல் இல்லாத ஒரு நாற்சந்தி அது. சித்தப்பாவின் கார் முன்பக்கம் நொறுங்கி, ரேடியேட்டர் தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரின் இடது பின்கதவு உள்ளே அமுங்கிக் கிடந்தது. அந்தக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். இடுப்பு எலும்பு முறிவு என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. “அவங்க வண்டியில கதவு போயிருக்கு. உங்க வண்டியில பம்பர் போயிருக்கு. அப்போ இடிச்சது நீங்கதானே சார்?” என்றார் ஒருவர். இன்னொருவர், “ஒரு அம்பதாயிரத்தக் குடுத்துட்டு முடிச்சுக்கோங்க. ஸ்டேஷன், கோர்ட்டுன்னு ஏன் அலையணும்?” என்றார்.

சித்தப்பா பர்ஸை எடுக்கவே போய்விட்டார். அவருக்கே தான் செய்தது தவறா, இல்லையா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. அதன் பிறகு போலீஸ் ஸ்டேஷன், இன்ஷூரன்ஸ் அலுவலகம், வழக்கறிஞர் அறை என்று அலைந்ததில் புரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே அதிக எண்ணிக்கை நம் மாநிலத்தில்தான். எனவே இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

இடித்தவர்தான் தவறு செய்தவரா?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த வண்டியின் மூக்கு எந்த வண்டியின் கதவில் மோதியது என்பது, இரண்டு வண்டிகளும் எப்படிச் சந்தித்தன என்பதைத்தான் காட்டும். ஏன் சந்தித்தன என்பதைக் காட்டாது. சட்டம் கேட்கும் கேள்வி வேறு: அந்த இடத்தில், அந்த நொடியில், யார் வழிவிட்டிருக்க வேண்டும்? சாதாரணமாக ஒரு கவனமான ஓட்டுநர் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டவர் யார்?

பின்னால் இருந்து மோதும் விபத்துகளில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் எளிது. முன்னால் போகும் வண்டியிலிருந்து போதிய இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் பொறுப்பு. பக்கவாட்டு மோதலில் அப்படி ஒரு சுலபமான ஊகம் கிடையாது. சிவப்பு விளக்கை மீறிப் பாய்ந்த காரின் கதவில் நீங்கள் மோதியிருக்கலாம். அப்போது உங்கள் பம்பர்தான் உடைந்திருக்கும், ஆனால் தவறு அவருடையது. ‘பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பு’ என்பதும் ரோட்டோரச் சட்டம்தான். சட்டப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

முதல் கேள்வி: வழி யாருக்கு?

இதற்கான பதில் 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. அதற்கு முன்பு 1989-ம் ஆண்டின் சாலை விதிகள் இருந்தன. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்.

சிக்னலோ, போக்குவரத்துக் காவலரோ இருந்தால் அவர்கள் காட்டும் வழி. இரண்டும் இல்லாத ஜங்ஷனில், பிரதான சாலையில் வருபவருக்கு முன்னுரிமை. கிளைச் சாலையிலிருந்து வருபவர்தான் நின்று வழிவிட வேண்டும். இரண்டும் சமமான சாலைகள் என்றால், உங்களுக்கு வலதுபுறத்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும்.

லைசென்ஸ் எடுக்கும்போது படித்திருப்போம். அதற்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

சித்தப்பாவின் விஷயத்தில் இடி இங்கேதான் இறங்கியது. அந்த வெள்ளைக் கார் அவருக்கு வலதுபுறமிருந்த தெருவிலிருந்து வந்தது. அதாவது, அவர் போன சாலை ‘பிரதான சாலை’ என்றால் வழி அவருக்கு. இரண்டும் சமமான சாலைகள் என்றால் வழி அந்தக் காருக்கு! ஒரே விபத்து, ஒரே டேமேஜ். சாலை எது என்பதைப் பொறுத்து தவறு தலைகீழாகிவிடும்.

“அது மெயின் ரோடுதான், பஸ் போகுதே” என்றார் சித்தப்பா. “ரெண்டும் ஒரே அகலம்தானே” என்றது எதிர்த்தரப்பு. பிறகு நாங்கள் அந்தத் தெருமுனையில் ஒரு ‘நில்’ பலகையைக் கண்டுபிடித்தோம். ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ் பேனருக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது. தரையில் நிறுத்தக் கோடும் தேய்ந்துபோய் அரைகுறையாகத் தெரிந்தது.

அந்தப் பலகை சாதாரண விஷயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, 184-வது பிரிவு ‘அபாயகரமாக ஓட்டுதல்’ என்று பட்டியலிடும் செயல்களில் சிவப்பு விளக்கை மீறுவதும் உண்டு, ‘நில்’ பலகையை மீறுவதும் உண்டு. ஆனால் பலகை கண்ணுக்கே தெரியவில்லை என்றால்? அதை மீறினார் என்று அந்த ஓட்டுநரை மட்டும் சொல்ல முடியுமா? இதுவும் வழக்கில் ஒரு வாதம்தான். சாலையைத் தரத்தோடு வடிவமைத்துப் பராமரிக்கத் தவறி, அதனால் உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவு வழிசெய்கிறது.

‘நான் பாதி ரோடு கடந்துட்டேன்!’

பக்கவாட்டு விபத்தில் அதிகம் கேட்கும் வசனம் இதுவாகத்தான் இருக்கும். வெள்ளைக் காரை ஓட்டியவரும் இதைத்தான் சொன்னார். “நான் பாதி ரோடு தாண்டிட்டேன். இவர் பாத்து பிரேக் போட்டிருக்க வேண்டாமா?” கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இருவழிச் சாலையின் வழக்கமான அகலம் 7 மீட்டர். அந்தக் கார் 20 கி.மீ. வேகத்தில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு சுமார் 5.5 மீட்டர். அதன் மூக்கு சாலை விளிம்பைத் தொட்ட நொடியிலிருந்து, அதன் பின்கதவு சித்தப்பாவின் பாதைக்கு வரும்வரை ஏறக்குறைய 7.5 மீட்டர் நகர்ந்திருக்கும். அதற்கு ஆன நேரம் 1.35 வினாடி.

சித்தப்பா 50 கி.மீ. வேகத்தில் வந்ததாகச் சொல்கிறார். அந்த 1.35 வினாடியில் அவர் கார் கிட்டத்தட்ட 19 மீட்டர் ஓடியிருக்கும். ஓர் ஆபத்தைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக நேரம் வேண்டும். நம் நாட்டில் சாலைகளை வடிவமைக்கும்போது இதற்காக எடுத்துக்கொள்ளும் கணக்கே 2.5 வினாடி. அவரால் பிரேக் போட்டிருக்கவே முடியாது.

உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2002-ல் வந்த ஒரு தீர்ப்பில், தன் பக்கத்தில் சரியாக வந்துகொண்டிருந்தவர், இன்னொருவர் திடீரென உண்டாக்கிய ஆபத்தைத் தவிர்க்க அசாதாரணமான முன்னெச்சரிக்கை எதையும் எடுக்கவில்லை என்பதற்காக மட்டும் அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது என்றது. அந்தப் பதற்றமான நொடியில் எடுத்த முடிவை, பிறகு ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு அளக்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம்.

அப்போ சித்தப்பா மேல தப்பே இல்லையா?

அவசரப்பட வேண்டாம். இதே கணக்கு அவருக்கு எதிராகவும் திரும்பும்.

ஜங்ஷனை நெருங்கும் எந்த ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாருக்கும் ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்பதும் விதிதான். பிரதான சாலையில் வருபவருக்கும் இது பொருந்தும். வழியுரிமை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அர்த்தம் இல்லை.

சித்தப்பா 30 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால்? பிரேக்கைத் தொடாமலேகூட, அந்த 19 மீட்டரைக் கடக்க அவருக்கு 2.25 வினாடிக்கு மேல் ஆகியிருக்கும். கூடுதலாகக் கிடைத்த 0.9 வினாடியில் வெள்ளைக் கார் இன்னும் 5 மீட்டர் போயிருக்கும். கதவு மட்டும் இல்லை, பின் பம்பரும் தப்பித்திருக்கும்.

இதை நான் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சண்டே காலைதானே, யாரு வரப்போறாங்கன்னு நெனச்சேன்” என்றார்.

அதனால்தான் சட்டம் ‘யார் மீது தவறு’ என்று மட்டும் கேட்பதில்லை. ‘யார் மீது எவ்வளவு’ என்றும் கேட்கிறது.

வேறு எப்படியெல்லாம் நடக்கும்?

பக்கவாட்டு விபத்துகளில் அடிக்கடி நடப்பவை சில. எல்லாவற்றிலும் சூழ்நிலை முடிவை மாற்றலாம். ஆனாலும் விசாரணை தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்:

• சிக்னல் ஜங்ஷன்: சிவப்பில் நுழைந்தவர் மீது. இருவருமே “எனக்கு க்ரீன்” என்பார்கள். கேமரா பதிவு இல்லாவிட்டால் சாட்சிகள்தான் கதி.

• வலதுபுறம் திரும்புதல்: எதிரே நேராக வருபவருக்கு வழிவிடாமல் குறுக்கே திரும்பியவர் மீது.

• யூ-டர்ன்: பின்னாலும் எதிரிலும் வரும் வண்டிகளைப் பார்த்து, சைகை காட்டித் திரும்ப வேண்டிய பொறுப்பு திரும்புபவருடையது.

• லேன் மாறி உரசுதல்: தன் லேனை விட்டு நகர்ந்தவர் மீது. இங்கே அடி நசுங்கலாக இருக்காது, நீளமான கீறலாக இருக்கும். கீறல் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறது என்பது முக்கியமான தடயம்.

• பெட்ரோல் பங்க், அபார்ட்மெண்ட் கேட்டிலிருந்து வெளியே வருதல்: சாலையில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்களுக்கு வழிவிட வேண்டியவர் வெளியே வருபவர்தான்.

எஃப்.ஐ.ஆர். போட்டாலே குற்றவாளியா?

அந்த அம்மாவின் மகன்தான் வெள்ளைக் காரை ஓட்டியவர். அவர் கொடுத்த புகாரில் சித்தப்பா மீது எஃப்.ஐ.ஆர். பதிவானது. வீட்டில் எல்லாரும் இடிந்துபோனோம். “அவ்ளோதான், கேஸ் முடிஞ்சுது” என்றார் பாட்டி.

முடியவில்லை. எஃப்.ஐ.ஆர். என்பது புகார் கொடுத்தவர் சொல்லும் கதை. விசாரணையின் தொடக்கம் அது, முடிவு இல்லை. நீங்களும் உங்கள் தரப்பை எழுத்தில் புகாராகக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவைக்கலாம். இதைப் பலரும் செய்வதில்லை.

இதில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பொதுச் சாலையில் அஜாக்கிரதையாக ஓட்டுவது 281-வது பிரிவு. அதனால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125(பி), மூன்று ஆண்டு வரை சிறை. மரணம் நேர்ந்தால் 106(1), ஐந்து ஆண்டு வரை சிறை. இங்கே குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட வேண்டும்.

இன்னொன்று, இழப்பீட்டு வழக்கு. இதை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரிக்கும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்தப் பணியைச் செய்கிறது. இங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் இங்கே ஆதாரமாகும், ஆனால் அவை மட்டுமே தீர்ப்பு ஆகாது. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் அதனால் இழப்பீட்டு வழக்கு விழுந்துவிடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சதவீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

தீர்ப்பாயத்தின் நீதிபதி. அந்த எண் எவ்வளவு மாறக்கூடியது என்பதற்குக் கோவையில் நடந்த ஒரு விபத்தே சாட்சி.

2017 ஜனவரியில் நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதன் மீது மோதிக் கீழே விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பஸ் ஏறியதில் இடது காலை இழந்தார். கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தினேன் என்றார் காரை ஓட்டியவர்.

தீர்ப்பாயம் கார் ஓட்டுநர் மீது தவறே இல்லை என்றது. மாணவர் மீது 20 சதவீதம், பஸ் மீது 80. உயர் நீதிமன்றத்தில் அது கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்று மாறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. நெடுஞ்சாலையில் சைகை இல்லாமல் திடீரென நிறுத்தியதை ஏற்க முடியாது, மாணவரும் போதிய இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்பது அதன் பார்வை.

இது பக்கவாட்டு விபத்து இல்லைதான். ஆனால் பாடம் ஒன்றே. ஒரே சம்பவம், மூன்று நீதிமன்றங்கள், மூன்று கணக்கு. அந்த மாணவருக்கு ஒவ்வொரு பத்து சதவீதமும் பல லட்சம் ரூபாய்.

எப்படி என்று பார்ப்போம். காயமடைந்த ஓட்டுநர் ஒருவரின் மொத்த இழப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்குக்கு 30 சதவீதத் தவறு இருந்தால் 7 லட்சம்தான் கிடைக்கும். 70 சதவீதம் என்றால் 3 லட்சம். முழுத் தவறும் அவருடையதே என்றால் எதிர்த்தரப்பிடமிருந்து ஒன்றும் கிடைக்காது. ‘தனிநபர் விபத்துக் காப்பீடு’ என்று பாலிசியில் சேர்ந்து வரும் 15 லட்சம் ரூபாய் கவர், உரிமையாளரே ஓட்டும்போது இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ கைகொடுக்கும்.

அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மகன் நிற்காமல் வந்திருக்கலாம், சித்தப்பா வேகமாக வந்திருக்கலாம். அடிபட்டது அவருக்கு.

பக்கவாட்டு மோதலின் கொடூரமே இதுதான். முன்பக்க மோதலில் பானெட்டும் இன்ஜின் பகுதியும் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் உங்களுக்கும் இடிக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு கதவுதான். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்-கேப் சோதனையில் 50 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் மோதவிட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

சட்டம் இங்கே அந்த அம்மாவின் பக்கம் நிற்கிறது. இரண்டு ஓட்டுநர்களின் கூட்டுத் தவறால் மூன்றாவது நபர் ஒருவர் பாதிக்கப்பட்டால், அவருடைய இழப்பீட்டில் சதவீதக் கழிவு கிடையாது. இருவரில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் அவர் கேட்கலாம். யார் பங்கு எவ்வளவு என்பதை அந்த இரண்டு தரப்பும் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆக, சித்தப்பா மீது 30 சதவீதம்தான் தவறு என்று முடிவானாலும், அவருடைய இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டிவரலாம்.

ஒரு எச்சரிக்கை. நாம் பயணம் செய்யும் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், அந்தக் காரின் இன்ஷூரன்ஸிலிருந்து உள்ளே இருக்கும் பயணிகளுக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கல். முழுமையான பேக்கேஜ் பாலிசியில் பயணிகளும் அடங்குவார்கள். புதுப்பிக்கும்போது இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கேட்கவும் ஒரு வழி உண்டு. 164-வது பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். ஆனால் அதைப் பெற்றுக்கொண்டால், அதிக இழப்பீடு கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். மருத்துவச் செலவே அதைத் தாண்டும் என்றால் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

எது சாட்சி? எது எவ்வளவு நாள் நிற்கும்?

விபத்து நடந்த இடத்துக்கு வரும் போலீஸார் பார்வை மகஜரும் வரைபடமும் தயாரிப்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிகளைச் சோதித்து, பிரேக் போன்றவற்றில் கோளாறு இருந்ததா என்று அறிக்கை தருவார். 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள், விரிவான விபத்து அறிக்கை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இதற்கான ‘இ-டார்’ தளத்தை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்கு உண்டு.

வண்டிகள் நின்ற இடத்தைக் காட்டும் மகஜரை மட்டும் வைத்து ஒருவர் மீது தவறு சுமத்த முடியாது, வேறு ஆதாரமும் வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோதிய பிறகு வண்டிகள் சுழலும், நகரும். போக்குவரத்துக்காகத் தள்ளியும் வைப்பார்கள். கண்ணாடித் துண்டுகள் எங்கே குவிந்திருக்கின்றன, டயர் தேய்த்த கறுப்புத் தடம் எங்கே தொடங்குகிறது என்பவைதான் மோதிய இடத்தைச் சொல்லும். மதியத்துக்குள் யாராவது பெருக்கிவிடுவார்கள்.

நாங்கள் மூன்றாம் நாள் அந்த முனையில் இருந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம். “பதினஞ்சு நாள்ல பழசு தானா அழிஞ்சிரும் தம்பி. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு” என்றார் கடைக்காரர். பதிவில் வெள்ளைக் கார் நிற்காமல் வந்தது தெளிவாகத் தெரிந்தது. சித்தப்பாவின் கார் ஜங்ஷனுக்கு முன்னால் கொஞ்சமும் வேகம் குறையாததும் தெளிவாகத் தெரிந்தது. எங்களுக்காகத் தேடிப் போன சாட்சி, இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசியது. அப்படியே போலீஸிடம் சொன்னோம்.

சிசிடிவி, டேஷ்கேம் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த காப்பியோடு திருப்திப்பட்டுவிடாமல், மூலப் பதிவு எந்தக் கருவியில் இருக்கிறதோ அதைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

ஸ்பாட்டில் என்ன செய்ய வேண்டும்?

• முதலில் உயிர். 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மத்திய அரசின் 2025-ம் ஆண்டுத் திட்டத்தில் 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சை உண்டு.

• வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். அடிபட்ட இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. சாலையின் அகலம், பலகைகள், கோடுகள், கண்ணாடித் துண்டுகள், டயர் தடம் எல்லாம் வர வேண்டும். பலகையை எது மறைக்கிறது என்பதும் வரட்டும்.

• பார்த்தவர்களின் பெயர், போன் நம்பர் வாங்குங்கள். “கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன்” என்று தயங்குவார்கள். உதவி செய்பவர்களுக்கு 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லுங்கள்.

• யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டியது ஓட்டுநரின் சட்டக் கடமை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும்.

• கூட்டத்தின் நெருக்கடியில் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்து முடிப்பதும் ஆபத்து. உள்காயம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

• இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு விபத்து நடந்ததிலிருந்து ஆறு மாதம். தள்ளிப்போடாதீர்கள்.

• உங்கள் காரின் ரிப்பேருக்கு, பேக்கேஜ் பாலிசி இருந்தால் தவறு யாருடையது என்று தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடித்திருக்கவில்லை, லைசென்ஸ் இருக்கிறது என்றால் கிளெய்ம் செய்யலாம். நோ கிளெய்ம் போனஸ் போகும், அவ்வளவுதான்.

இப்போது என்ன நிலை?

சித்தப்பாவின் கார் ரிப்பேராகி வந்துவிட்டது. அந்த அம்மாவின் மனு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. இரண்டு இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் எதிர்மனுதாரர்கள். அந்தச் சாலை பிரதான சாலையா, பலகை தெரிந்ததா, 50 கி.மீ. அதிகமா என்று இன்னும் வாதங்கள் நடக்கின்றன. சதவீதம் எப்படி வரும் என்று எங்கள் வழக்கறிஞரும் சொல்லவில்லை.

அந்த அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார் என்று கேள்விப்பட்டோம். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை. வழக்கு நடக்கும்போது போனால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கிக்கொண்டே இருக்கிறார்.

போன மாதம் அவரோடு அதே வழியாகப் போனேன். ஃபிளெக்ஸ் பேனரை எடுத்துவிட்டார்கள், ‘நில்’ பலகை நன்றாகத் தெரிகிறது. எங்கள் பக்கம் பலகை எதுவும் கிடையாது. சித்தப்பா ஜங்ஷனுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்து, வலதுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடந்தார். பின்னால் வந்த கார்க்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார். “அடிக்கட்டும்” என்றார் சித்தப்பா.